பதினொருவரில் ஒருவர்

1945-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள். டில்லிச் செங்கோட்டையிலே விசாரணை நடக்கிறது. இந்திய தேசிய ராணுவத்தின் அதிகாரிகள் மூவர் கூண்டிலே நிற்கிறார்கள். நாடு கொதித்தெழுகிறது. கடையடைப்பு, ஊர்வலம், கண்டனக் கூட்டம்! விடுதலை செய் என்ற முழக்கம் விண்ணை முட்டுகிறது. நியாயமான முழக்கம், மறுப்பார் யாருமில்லை.

அதே நவம்பரிலே, டில்லிக்குப் பல ஆயிரம் மைல் கிழக்கே, தென் பசிபிக் தீவுப் பகுதியிலே ஒரு விமானம் விழுந்து நொறுங்குகிறது. உள்ளே பத்து இந்தியச் சிப்பாய்கள். மூன்றரை ஆண்டுச் சிறைவாசம் முடிந்து, உயிர் பிழைத்து, வீடு திரும்பப் புறப்பட்டவர்கள். அவர்களுக்காக ஒரு கடை அடைத்தார்களா? ஒரு கூட்டம் போட்டார்களா? ஒரு துளிக் கண்ணீராவது விட்டார்களா? பத்துப் பேர் போனார்கள் என்ற செய்திகூட நாட்டு மக்களில் பெரும்பாலோர் காதிலே விழவில்லை!

அந்த விமானத்திலே ஏறியிருக்க வேண்டியவர் இன்னொருவர். ஏறவில்லை. சாட்சி சொல்லுவதற்காகப் பின்தங்கி நின்றார். அதனாலே பிழைத்தார். அவர் பெயர் சிந்த் சிங். காங்ரா மலைப்பகுதியின் சிற்றூர் ஒன்றிலே பிறந்து, பட்டாளத்திலே சேர்ந்து, ஜமேதார் ஆனவர். அவருடைய கதையைத்தான் இன்று தோழர்கள் முன் வைக்கிறோம்.

திடலிலே பிரிந்த இரு வழி

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் வீழ்ந்தது. வெல்ல முடியாத கோட்டை என்று வெள்ளையர் மார்தட்டிய கோட்டை! இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17 அன்று, ஃபேரர் பார்க் திடலிலே 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களைக் கூட்டினார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் நாலு வார்த்தை பேசி அவர்களை ஜப்பானிய மேஜர் பூஜிவாராவிடம் ஒப்படைத்தார். வெள்ளைச் சிப்பாய் சாங்கி முகாமுக்கு. கறுப்புச் சிப்பாய் ஜப்பானியன் கைக்கு! ஒரே போர்க்களம், ஒரே தோல்வி. சிறைக்குப் போகும்போதுகூட நிறம் பார்த்துப் பிரித்தார்கள்.

அங்கே கேப்டன் மோகன் சிங் எழுந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு அழைப்பு விடுத்தார். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 1943-இலே நேதாஜி வந்தபின், மலேயாத் தோட்டங்களிலே பால்வெட்டிய நம் தமிழ்த் தொழிலாளரும் திரளாகச் சேர்ந்தார்கள். அவர்களுடைய வீரத்தை நாம் என்றும் போற்றுவோம்.

ஆனால் சேராதவரும் இருந்தார்கள். எடுத்த உறுதிமொழியை முறிக்க மனம் ஒப்பாதவர்கள். ஜப்பானியன் சொல்லை நம்பாதவர்கள். ஒரு எசமானை இறக்கிவிட்டு இன்னொரு எசமானைத் தோளிலே ஏற்றுவதா என்று ஐயுற்றவர்கள். அவர்கள் துரோகிகளா? ஆளுக்கொரு மனச்சான்று, ஆளுக்கொரு துணிவு. உள்ளே போவதற்கும் துணிவு வேண்டும்; வெளியே நிற்பதற்கும் துணிவு வேண்டும். வெளியே நின்றவர்கள் கொடுத்த விலை என்ன என்பதைத்தான் நாம் இதுவரை எண்ணிப் பார்க்கவில்லை.

போர்க் கைதி கூலியான கதை

1943 மே மாதத்திலே, ஏறத்தாழ 3,000 இந்தியரைச் சிங்கப்பூரிலே சரக்குக் கப்பலின் அடித்தட்டிலே அடைத்து, நியூகினித் தீவின் வீவாக் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜப்பானின் 18-ஆம் படைக்கு அது தளம். சிந்த் சிங் அவர்களிலே ஒருவர்.

போர்க் கைதிக்கு இன்ன உணவு, இன்ன மருந்து, இன்ன வேலைதான் தரலாம் என்று 1929-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் விதித்திருந்தது. ஜப்பான் அதிலே கையெழுத்திட்டது; ஆனால் உறுதிசெய்யவில்லை. 1942-இலே, தக்க மாற்றங்களோடு கடைப்பிடிப்போம் என்று மட்டும் சொன்னது. அந்தத் தக்க மாற்றம் எப்படிப்பட்டது தெரியுமா? பெயரை மாற்றினார்கள்! நீங்கள் கைதிகள் அல்லர், உழைப்புப் படையினர் என்றார்கள். பெயர் போயிற்று, பெயரோடு உரிமையும் போயிற்று. தொழிலாளத் தோழர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்லவே! நிரந்தரத் தொழிலாளியைத் தற்காலிகம் என்று ஏட்டிலே எழுதிவிட்டால், போனசும் இல்லை, விடுப்பும் இல்லை என்று கைவிரிப்பதை நாம் பார்க்காததா?

விமானத் திடல் அமைத்தல், சரக்கு இறக்குதல், காடு வெட்டுதல். மலேரியாவிலே நடுங்குகிறவனுக்கும் மண்வெட்டி. வயிற்றுக்கடுப்பிலே சுருண்டவனுக்கும் சுமை. நிமிர்ந்தால் அடி. 1943 ஆகஸ்டிலே நேச நாட்டு விமானங்கள் வீவாக்கின் விமானத் திடல்களைக் குண்டுவீசித் தகர்த்தன. மீட்க வரவேண்டியவர்களின் குண்டே கைதிகளின் தலைக்கு மேலே! 1944 ஏப்ரல் 22 அன்று அமெரிக்கப் படை ஹாலந்தியாவிலும் ஐடாப்பேயிலும் இறங்கியதும், வீவாக்குக்கு வரும் வழி அடைபட்டது. அரிசி நின்றது. ஜப்பானியச் சிப்பாயே பட்டினி. கைதிக்கு யார் சோறு போடுவார்? புல்லும் தழையும் காட்டுக் கிழங்கும் தின்று உயிரை இழுத்துப் பிடித்தார்கள். நடக்க முடியாதவரைச் சுட்டார்கள். செத்தவர் உடலும், சாகாதவர் உடலும்கூட, பசித்த படைக்கு இரையாயிற்று என்று தப்பியவர்கள் பின்னர் ஆணையிட்டுக் கூறினார்கள். இதற்குமேல் எழுத நம் பேனா கூசுகிறது.

1945 செப்டம்பர் கடைசியிலே, செபிக் ஆற்றங்கரையின் அங்கோரம் என்ற இடத்திலே ஆஸ்திரேலியப் படையினரிடம் வந்து சேர்ந்தபோது, சிந்த் சிங்கின் கூட்டத்திலே மிஞ்சியவர் 11 பேர். வீவாக்குக்குச் சென்ற 3,000 பேரிலே மொத்தமாகத் தப்பியவர் சுமார் 200 பேர்தான். பதினைந்து பேருக்கு ஒருவர்!

கூண்டுக்கு எதிரே நின்றவர்

பதினொருவரில் பத்துப் பேர் விமானத்தோடு போனார்கள். மிஞ்சியவர் சிந்த் சிங் ஒருவரே. எலும்பும் தோலுமாக நின்ற அந்த மனிதர், ஆஸ்திரேலிய அதிகாரிகளிடம் வாக்குமூலம் கொடுத்தார். அடித்தவன் யார், சுட்டவன் யார் என்று அடையாளம் காட்டினார். ஊருக்குப் போகலாம் என்று உள்ளம் துடிக்காதா? இருந்தும் நின்றார். பேசுவதற்கு வேறு வாய் மிஞ்சவில்லை!

அந்த நாள் விசாரணைகளிலே எதிர்த்தரப்பு என்ன வாதாடியது தெரியுமா? 1946 ஜனவரியிலே சிங்கப்பூரில் நடந்த முதல் போர்க்குற்ற வழக்கு, பலாவ் தீவுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியக் கைதிகளைப் பற்றியது. இவர்கள் கைதிகளே அல்லர், எங்களோடு சேர்ந்துகொண்டவர்கள் என்று அங்கே வாதிட்டார்கள்! சேர மறுத்ததற்காக வதைபட்டவனைப் பார்த்து, நீ சேர்ந்தவன்தானே என்று கேட்கும் கொடுமையை என்னென்பது! அந்த வாதம் எடுபடவில்லை. அதே ஆண்டு ஜூலையிலே ரபவுலில் இன்னொரு வழக்கு. சீக்கியக் கைதிகளைக் கட்டிவைத்து, முடியையும் தாடியையும் வெட்டி, வாயிலே சிகரெட்டைத் திணித்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. ஒரு மனிதனின் நம்பிக்கையை இழிவுசெய்வதும் போர்க்குற்றமே என்று எழுதிவைத்த வழக்கு அது. வீவாக் படைத்தலைவர் அடாச்சிக்கும் 1947-இலே ஆயுள் தண்டனை. அவர் சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டார்.

இவை தாமாக நடந்தவையா? வாய் திறந்து சொல்ல ஆள் இருந்ததால் நடந்தவை!

பெட்டியிலே உறங்கிய ஏடு

நமக்குப் பக்கத்திலே இன்னொருவர் இருந்தார். மங்களூரை அடுத்த கின்னிகோளியின் ஜான் பாப்டிஸ்ட் கிராஸ்டா. அந்தப் பகுதி அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பட்டாளத்திலே எழுத்தர் வேலை. சிங்கப்பூரிலே பிடிபட்டு, கப்பலேற்றப்பட்டு, நியூபிரிட்டன் தீவிலே பட்டினி கிடந்து மீண்டவர். 1946-இலேயே தம் அனுபவத்தை எழுதிவைத்தார். வெளியிட ஆளில்லை. ஐம்பது ஆண்டு அது வீட்டிலே கிடந்தது! 1990-களின் கடைசியிலே அவருடைய மகன் நூலாக்கினார். 1999-இலே கிராஸ்டா கண்மூடினார். தம் எழுத்து அச்சேறியதைப் பார்த்துவிட்டுப் போனார் என்பதே ஆறுதல்.

ஏன் இந்த ஐம்பது ஆண்டு மௌனம்? வெள்ளையனுக்கு அவர்கள் கூலிப்படை. விடுதலை பெற்ற நாட்டுக்கோ, வெள்ளையன் பட்டாளத்திலே நின்றவர்கள். இரண்டு வரலாற்றிலும் அவர்களுக்கு ஒரு வரி இல்லை. கொடியைப் பார்த்துக் கண்ணீரை அளப்பது எந்த ஊர் நியாயம்? பட்டினிக்கு எந்தக் கட்சி? வறுமை துரத்தி, மாதச் சம்பளத்துக்காகப் பட்டாளம் போன உழவன் மகனை, வரலாற்றின் தப்பான பக்கத்திலே நின்றாய் என்று தள்ளிவிடுவதா?

சென்னை மாகாணத்திலிருந்தும் ஏராளமானோர் அந்தப் போருக்குப் போனார்கள். இன்று அவர்களிலே உயிரோடு இருப்பவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஆனால் பரண்மேலே பெட்டி இருக்கும். பெட்டிக்குள்ளே பட்டாளத்துக் கடிதம் இருக்கும். துருவேறிய பதக்கம் இருக்கும். பென்சன் புத்தகம் இருக்கும். தாத்தா சொன்ன கதை பேரனின் நினைவிலே பாதியாவது இருக்கும். தோழர்களே! உங்கள் தெருவிலே அப்படி ஒரு வீடு இருந்தால், கதவைத் தட்டுங்கள். கேளுங்கள். எழுதிவையுங்கள். உங்கள் மன்றத்திலே, படிப்பகத்திலே அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். இரண்டணாச் செலவில் தொடங்கும் வேலை என்பார்கள் அந்தக் காலத்திலே. இன்றும் பெரிய செலவில்லை.

பத்துப் பேர் விமானம் ஏறினார்கள். ஒருவர் நின்றார், சாட்சி சொன்னார். அவர் நின்றதால்தான் அந்த 3,000 பேரின் கதை நமக்குத் தெரிகிறது. அந்த ஒருவர் செய்ததை நம் ஊருக்கு நாம் செய்யலாகாதா?