இரவு வாட்ஸ்அப்பில் வரும் வேலைக்கும் சம்பளம் உண்டு

இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப்பில் முதலாளியின் செய்தி வருகிறது: "காலைக்குள் ஸ்டாக் கணக்கு வேணும்." தெலுக் இந்தானில் பேரங்காடியிலும் கிளினிக்கிலும் செம்பனை ஆலை அலுவலகத்திலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டது. சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கைத் தட்டி அனுப்பிவிடுகிறார்கள். அந்த அரை மணி நேரத்துக்குச் சம்பளம் கேட்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

வேலை நேரம் முடிந்தபின் முதலாளியின் அழைப்பை ஏற்காமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. மலேசியாவில் அப்படித் தனிச்சட்டம் இல்லை. அதற்காக நாம் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் நம் நேரத்துக்கு விலை வைத்திருக்கிறது.

2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. முன்பு இது 48. மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு, வழக்கமான நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தரவேண்டும். உடலுழைப்புத் தொழிலாளிக்கு இந்தச் சம்பள வரம்பும் கிடையாது. ஓவர்டைம் மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26ஆல் வகுத்து, வரும் நாள் கூலியை 8ஆல் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஒன்றரை மடங்கு 12 வெள்ளி 26 காசு. தினமும் அரை மணி நேரம் என்று 26 நாள் வீட்டிலிருந்து வேலை செய்தால் மாதம் ஏறக்குறைய 159 வெள்ளி. ஒரு குடும்பத்தின் மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் இதில் அடங்கிவிடும். இதைத்தான் மாதாமாதம் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வருகைப் பதிவேடான செக்ரோலில் பெயர் ஏறாத நாளுக்குக் கூலி இல்லை என்பது தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிக்கு நன்றாகத் தெரியும். கைப்பேசியில் செய்யும் வேலைக்குச் செக்ரோல் எழுதக் கிராணி கிடையாது. நாமேதான் எழுத வேண்டும். உத்தரவு வந்த நேரம், என்ன வேலை, எப்போது முடித்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். செய்தியை அழிக்காமல் படம் பிடித்து வையுங்கள். "சரி" என்று ஒரு வார்த்தை பதில் போட்டதையெல்லாம் ஓவர்டைம் என்று நிரூபிப்பது கடினம். உத்தரவின் பேரில் கணக்கு எழுதியதும் அட்டவணை போட்டதும் வேலைதான்.

கோபத்தில் வாட்ஸ்அப் குழுவைவிட்டு வெளியேறுவதும் ராஜினாமா கடிதத்தை வீசுவதும் உங்களுக்கே நஷ்டம். விபத்து, இயந்திரக் கோளாறு போன்ற அவசரங்களில் கூடுதல் நேரம் வேலை வாங்கச் சட்டமே இடம் தருகிறது. மற்ற நேரத்தில் மரியாதையாக எழுதிக் கேளுங்கள்: "காலை எட்டு மணிக்கு வந்ததும் முடித்துத் தருகிறேன், பாஸ். இன்றே வேண்டுமென்றால் ஓவர்டைமில் எழுதிக்கொள்ளட்டுமா?" இந்த ஒரு கேள்வியே பல இரவுகளை மீட்டுத் தரும். வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக் கேட்டும் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும்.

அப்படியும் பணம் வரவில்லையென்றால் ஆள்பல இலாகாவுக்குப் போங்கள். நம்மவர் லேபர் ஆபிஸ் என்பது அதைத்தான். வழக்கறிஞர் இல்லாமலே அங்கே புகார் கொடுக்கலாம். சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், நீங்கள் எழுதிய நோட்டு மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

கேட்டதற்காக வேலையைவிட்டே நீக்கினால், தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுங்கள். நீக்கிய நாளிலிருந்து 60 நாள்தான் அவகாசம். தவறவிட்டால் மனு செல்லாது.