பெயரின் விலை யாருக்கு?

மேனாடுகளில் விண்வெளிப் பயணத்தை நினைவூட்டும் பெயர்களைச் சூட்டி, ‘இத்தனை பெட்டிகளே உண்டு’ என்று அறிவித்து, உயர்விலைச் சுருட்டுகளை விற்கின்றனர். இலை மண்ணில் விளைந்தது. விண்மீன் இருப்பது பெட்டியின் மேல்தான். எனினும் விலை ஏறுகிறது. காரணங்கள் மூன்று: தேர்ந்த சரக்கு, வரையறுத்த எண்ணிக்கை, பெயர். கியூபா நாட்டார் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வகைச் சுருட்டுக்கு, மேலிலையை ஈராண்டேனும் இருப்பில் வைத்துப் பதப்படுத்துகின்றனர்.

பெயரின் வலிமையை நம் நாடும் கண்டதுண்டு. 1887இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸ் கதையில் திருச்சிச் சுருட்டின் சாம்பல் துப்பாக வருகிறது. அச்சுருட்டுக்கு இலை திண்டுக்கல் பக்கத்து நிலங்களிலிருந்து சென்றது. புகழ் திருச்சிக்குச் சேர்ந்தது. பயிரிட்டவன் ஊர் மறைந்தது.

புகையிலை உடலுக்குக் கேடு. அதனைப் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று. நாம் கொள்ளத்தக்கது வணிகப் பாடமே. கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடியில் நெய்த லுங்கியின்மேல் வணிகர் தம் முத்திரையை ஒட்டினால், பெயருக்குரிய விலை அவரையே சேரும். சிதம்பரம் பக்கத்து நெல் ஊர்ப்பெயரின்றி மூட்டையில் போனாலும் அவ்வாறே.

ஆகவே, சங்க முத்திரையின்றிச் சரக்கை வெளியே அனுப்பலாகாது. தரங்குறைந்ததற்கு அம்முத்திரையை இடலாகாது. சிறப்பு வகை நெய்தால், எண்ணிக்கையை முன்னரே பதிவேட்டில் எழுதி, அதனைக் கடவாதிருத்தல் வேண்டும். நூறு என்று சொல்லி நூற்றொன்று விற்கும் அன்றே பெயர் கெட்டுவிடும்.