வீட்டு ரூட்டருக்கு எந்த ஓஎஸ்? முதல்ல கரண்ட் கணக்கைப் பாருங்க

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இப்போ தெருவுக்குத் தெரு ஃபைபர் கனெக்‌ஷன். டிவி, போன், சிசிடிவி எல்லாம் ஒரே ரூட்டரை நம்பித்தான் ஓடுது. அந்த ரூட்டருக்குக் கடைசியா எப்போ அப்டேட் வந்துச்சு? கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டுட்டா, புதுசா கண்டுபிடிக்கிற ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டாங்க. ஓப்பன் சோர்ஸ் ஓஎஸ் உதவுறது இங்கதான்.

வீட்டுக்கு முக்கியமா ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, ஓபன்டபிள்யூஆர்டி. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டருக்குள்ள இருந்தது லினக்ஸ். ஜிபிஎல் உரிமப்படி அதோட சோர்ஸ் கோடை 2003-ல வெளியிட வேண்டியதாச்சு. அதுல இருந்து 2004-ல கிளம்பினதுதான் இது. 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம் உள்ள சின்ன வைஃபை ரூட்டர்லயே ஓடும்.

இன்னொண்ணு, ஓபிஎன்சென்ஸ். 2015-ல பிஎஃப்சென்ஸ்ல இருந்து பிரிஞ்சது, அடித்தளம் ஃப்ரீபிஎஸ்டி. ஃபயர்வால், விபிஎன், ரிப்போர்ட் எல்லாம் அருமை. ஆனா 64-பிட் பிசி, ரெண்டு லேன் போர்ட் வேணும். ஃப்ரீபிஎஸ்டில வைஃபை சுமார்தான், அதனால ஆக்சஸ் பாயிண்ட் தனியா வாங்கணும்.

இப்போ கரண்ட் கணக்குக்கு வருவோம். பழைய டெஸ்க்டாப் 40 வாட் இழுக்குதுன்னு வைங்க. 24 மணி நேரமும் ஓடினா 60 நாளைக்கு 57.6 யூனிட். ரெண்டு மாசத்துக்கு நமக்குக் கிடைக்கிற இலவச யூனிட்டுக்கு ஒரு அளவு இருக்கு. அதுல ஒரு நல்ல பங்கு காலி. 8 வாட் ரூட்டர்னா 11.5 யூனிட்ல முடிஞ்சிடும். கரண்ட் போனாலும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் தாங்கும். நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது நெட் நின்னுட்டா, அம்மா ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலே போதும்.

அதனால பெரும்பாலான வீட்டுக்கு என் ஓட்டு ஓபன்டபிள்யூஆர்டிக்குத்தான். நெட்வொர்க்கிங் ஆழமா கத்துக்கணும், கரண்ட் கம்மியா இழுக்குற மினி பிசியும் கையில இருக்குன்னா, ஓபிஎன்சென்ஸ் போடுங்க.

கடைசியா மூணு விஷயம். ரிச்சி ஸ்ட்ரீட்ல ரூட்டர் வாங்குறப்போ, அடியில இருக்குற ஸ்டிக்கர்ல வெர்ஷன் நம்பரைப் பாருங்க. ஒரே மாடல்லயும் வெர்ஷன் மாறினா சிப் மாறலாம். அந்த வெர்ஷன் ஓபன்டபிள்யூஆர்டி பட்டியல்ல இருந்தா மட்டும் காசு குடுங்க. ஃபைபர்காரங்க வச்ச பெட்டியைக் கழட்டாதீங்க. பிரிட்ஜ் மோடுக்கு மாத்தித் தரச் சொல்லி, அதுக்குப் பின்னாடி உங்க ரூட்டரை மாட்டுங்க. உங்க வான் ஐபி 100.64-லிருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா, அது சிஜிநாட். எந்த ஓஎஸ் போட்டாலும் ஐபிவி4-ல போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. வெளிய இருந்து கேமரா பாக்க ஐபிவி6 இருக்கான்னு கேளுங்க.