முற்றத்தில் மாற்றிய டைமிங் பெல்ட்

போர்ட்பிளேரிலிருந்து நமது பகுதி நேர நிருபர்

அந்தமானில் ரயில் ஓடவில்லை; தண்டவாளமே கிடையாது. ஆனால் ரயில் டிக்கெட் முன்பதிவு மட்டும் உண்டு. கப்பலில் சென்னை போய் இறங்கி, அங்கிருந்து மதுரைக்கோ இராமநாதபுரத்துக்கோ போகிற நம்மவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அப்படிக் கவுண்டரில் பழக்கமான அரசு அலுவலக குமாஸ்தா ஒருவர்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

நண்பரிடம் ஒரு கார் இருக்கிறது. சாதாரணக் கார் அல்ல, ஸ்போர்ட்ஸ் கார். கோவாவில் தயாரான 'சான் ஸ்டார்ம்' என்ற இரண்டு இருக்கை வண்டி. பைபர் உடல், ரெனோ நிறுவனத்தின் 1,149 சி.சி. பெட்ரோல் என்ஜின். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊரில் கூரையை மடக்கும் கார் எதற்கு என்று கேட்காதவர் இல்லை. "ஆசைதான் அண்ணே" என்பார். வேறு விளக்கம் கிடையாது.

சென்ற ஆண்டு அவருடைய தாயாருக்கு ரங்கத்தில் இருக்கும் மகளைப் பார்க்க வேண்டும் என்று ஏக்கம். பஸ்ஸில் போனால் இடுப்பு தாங்காது. "நானே காரில் கூட்டிப் போகிறேன்" என்றார் நண்பர். அங்கேதான் கேள்வி எழுந்தது. காரின் டைமிங் பெல்ட்டைக் கடைசியாக மாற்றியது எப்போது? பழைய உரிமையாளர் கொடுத்த காகிதங்களில் ஒரு வரி கூட இல்லை.

வழியில் நிற்க முடியாது

போர்ட்பிளேரிலிருந்து ரங்கத்துக்குப் போகும் அந்தமான் டிரங்க் ரோடு ஜராவா பழங்குடியினரின் காப்புக்காட்டைக் கடக்கிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் வரை சுமார் 50 கிலோமீட்டர். குறிப்பிட்ட நேரங்களில் போலீஸ் காவலுடன் வண்டிகள் வரிசையாக விடப்படும். இடையில் நிறுத்தக்கூடாது, இறங்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. ஜராவாக்களுக்கு எதுவும் கொடுக்கவும் கூடாது. பழங்குடியினரைக் காக்க 1956-ல் வந்த ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அந்தக் காட்டின் நடுவில் என்ஜின் நின்றுபோனால் வயதான தாயாருடன் அவர் என்ன செய்வார்? பின்னால் வரும் வண்டிகள் என்ன செய்யும்?

டைமிங் பெல்ட் என்றால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்த ரயில்வே கணக்கிலேயே சொல்கிறேன். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாமல் இருக்க டோக்கன் முறை உண்டு. டோக்கன் கையில் இருக்கிற டிரைவர்தான் அந்தப் பகுதிக்குள் நுழையலாம். என்ஜினுக்குள் பிஸ்டனும் வால்வும் அப்படித்தான். பல என்ஜின்களில் இரண்டும் ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்துகின்றன. வால்வு கீழே இறங்கும்போது பிஸ்டன் விலகியிருக்க வேண்டும். இந்த டோக்கன் வேலையைச் செய்வது பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட்.

கீழே கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் மேலே கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் என்ஜின் ஓடினால் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடும். அந்த வேகத்தில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும், வால்வு வளையும். பிறகு ஹெட்டைக் கழற்றாமல் தீராது.

அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் இந்த வேலையை இரும்புச் செயின் செய்தது. செயின் தேய்ந்தால் சத்தம் போட்டு எச்சரிக்கும். பெல்ட் பெரும்பாலும் வாய் திறக்காது. ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் 1962-ல் விற்பனைக் காரில் பல் பெல்ட்டைக் கொண்டு வந்தது. 1966-ல் பியட் 124 ஸ்போர்ட்ஸ் காரிலும் வந்தது. நம் நாட்டில் வீட்டுக்கு வீடு கொண்டு வந்தது 1983 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மாருதி. அதே மாருதி என்ஜினை வைத்துத்தான் கோயம்புத்தூர் கரிவரதன் பந்தயக் கார்கள் கட்டினார். நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் அவ்வகைக் கார்களில் பழகி வளர்ந்தவர்கள்.

இரண்டு பல் வித்தியாசம்

ஒர்க்ஷாப்பில் கேட்ட கூலி நண்பரின் அரை மாதச் சம்பளம். அதனால் வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று. துணைக்கு வந்தவர் கப்பல் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். இராமநாதபுரத்துக்காரர். எல்லோருக்கும் அவர் மாமாதான். நான் போனது நோட்டுப் புத்தகத்துடன்.

சென்னையிலிருந்து கப்பலில் பெல்ட் வந்தது. மாமா பிரித்தவுடன், "தம்பி, முதலில் பல்லை எண்ணுங்க" என்றார். பழைய பெல்ட் இன்னும் என்ஜினில்தான் இருந்தது. மேல் மூடியைக் கழற்றி, பத்துப் பல்லுக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே எண்ணினேன். நாள் முடிவில் கவுண்டர் பணத்தை எண்ணுவது போல இரண்டு தடவை. புதியதில் இரண்டு பல் குறைவு! கடைக்காரர் வேறு மாடல் பெல்ட்டை அனுப்பியிருந்தார். அடுத்த கப்பல் வரும் வரை காத்திருந்தோம். பழையதைக் கழற்றி எறிந்த பிறகு இது தெரிந்திருந்தால் கார் முற்றத்திலேயே கிடந்திருக்கும்.

சரியான பெல்ட் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. பாட்டரி ஒயரைக் கழற்றினோம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்தோம். முதல் சிலிண்டர் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வந்து, மேலும் கீழும் உள்ள குறிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தோம். குறிகளின் மேல் வெள்ளைப் பெயின்ட் வைத்தார் மாமா. கீழ்ப் புல்லியின் போல்ட்டைத் திறக்கவே முக்கால் மணி நேரம். உப்புக் காற்றின் உபயம்.

பழைய பெல்ட்டைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தபோது மூவரும் பேசவில்லை. பல்லின் அடியில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. உள்ளே இருக்கும் கண்ணாடி இழை ஓரத்தில் பிரிந்து தெரிந்தது. கார் அதிக தூரம் ஓடவில்லைதான். ஆனால் ரப்பருக்கு வயதும் கணக்கு. கையேட்டில் கிலோமீட்டர், ஆண்டு என இரண்டும் கொடுத்திருந்தால் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு.

டென்ஷனரையும் தண்ணீர் பம்பையும் புதிதாகவே போட்டோம். அவற்றின் பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டும் போய்விடும். அதற்காக மறுபடியும் இத்தனையும் கழற்ற வேண்டும். புதுப் பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ கூடாது, எண்ணெய்க் கையால் தொடக்கூடாது என்பது மாமாவின் கண்டிப்பு.

மாட்டி முடிந்தது. நண்பர் சாவியை எடுத்தார்.

"சாவியை அம்மாகிட்ட கொடுங்க. கையால ரெண்டு சுத்து சுத்திப் பார்த்துட்டுத்தான்" என்றார் மாமா.

கிராங்கில் ஸ்பேனர் போட்டு, ஓடும் திசையிலேயே மெதுவாக இரண்டு முழுச் சுற்று. கீழ்க் குறி சரியாக வந்தது. மேல் குறி ஒரு பல் தள்ளி நின்றது. டென்ஷனர் இல்லாத பக்கத்தில் தொய்வு இருந்ததைக் கவனிக்காமல் மாட்டியிருக்கிறோம். மணி மாலை நாலு. மழை வேறு வந்துவிட்டது. "ஒரு பல்தானே மாமா?" என்று கேட்டார் நண்பர்.

"உங்க அம்மா பக்கத்துல உட்காரப் போறாங்க" என்றார் பெரியவர்.

மறுபடியும் தளர்த்தி, தார்ப்பாயின் கீழ் டார்ச் பிடித்து, மாட்டினோம். மறுபடியும் இரண்டு சுற்று. இந்தத் தடவை இரண்டு குறிகளும் நேர். இன்னும் இரண்டு சுற்று, அப்போதும் நேர். அதன் பிறகே அம்மா சாவியைக் கொடுத்தார். முதல் முயற்சியிலேயே என்ஜின் ஓடியது.

மறு வாரம் அதிகாலை வரிசையில் தாயும் மகனும் ஜிர்காடாங்கைத் தாண்டினார்கள். இருக்கை இரண்டுதான் என்பதால் மாமாவுக்கும் எனக்கும் இடமில்லை. பிற்பகலில் ரங்கத்திலிருந்து போன் வந்தது. பேசியது அம்மா. "வண்டி தாழ்வா இருக்கு, ஏறி இறங்கத்தான் கஷ்டம். வழியில எங்கேயும் நிக்கல" என்றார்.

பெல்ட் மூடியின் உட்புறத்தில் தேதியையும் கிலோமீட்டரையும் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறோம். அது குமாஸ்தாவான என் யோசனை. நாளை அந்த வண்டியை யார் வாங்கினாலும் எங்களைப் போல் காகிதம் தேட வேண்டாம். பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களும் இந்த வாரமே தங்கள் சீட்டுகளை எடுத்துப் பார்க்கட்டும். பெல்ட் மாற்றிய தேதி கிடைக்கவில்லையானால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வது நல்லது.