குறுஞ்சித்திரக்கதைகளில் எடுத்துரைப்பு: திருவாரூர் முசுகுந்தர் ஓவியங்களை முன்வைத்து

முன்னுரை

மூன்று, நான்கு கட்டங்களில் முடியும் குறுஞ்சித்திரக்கதையில் ஓவியம், பேச்சுக்குமிழ், எடுத்துரைப்பு வரி ஆகிய மூன்றும் சிறிய இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அவ்விடத்தில் எடுத்துரைப்பு வரிக்கு உரிய பணி எது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓவியமும் குறிப்பும்

நன்னிலத்திற்கு அருகிலுள்ள திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டப விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளது. காட்சிகளை விளக்கும் தமிழ்க் குறிப்புகளும் அவற்றோடு எழுதப்பட்டுள்ளன. முசுகுந்தர் குரங்கு முகத்துடன் வரையப்பட்டிருப்பதால், காட்சிதோறும் அவரை அடையாளம் காண எழுத்தின் துணை வேண்டியதில்லை. ஆனால், அம்முகம் வாய்த்ததற்குக் காரணமான முற்பிறவிச் செய்தியை முகம் சொல்லாது.

இந்திரன் ஒரே தோற்றமுடைய ஏழு திருமேனிகளைக் காட்ட, முசுகுந்தர் மூலத் திருமேனியைத் தெரிந்தெடுத்தார் என்பது தலபுராண மரபு. ஏழும் ஒன்றுபோல் இருப்பதை ஓவியம் காட்டும். மூலத் திருமேனிக்கு மட்டும் தனி அடையாளம் தீட்டினால் அவ்வொப்புமை கெடும். எனவே அதனைச் சுட்டும் பொறுப்பு சொல்லைச் சேர்கிறது.

காலமும் காரணமும்

இப்பகுப்பு இன்றைய கட்டங்களுக்கும் பொருந்தும். வறண்ட வாய்க்காலின் கரையில் மண்வெட்டியுடன் ஓர் உழவர் நிற்கிறார் எனக் கொள்வோம். ‘வாய்க்காலில் தண்ணீர் இல்லை’ என்னும் வரி, கண்டதையே மீண்டும் கூறுகிறது. ‘மேட்டூர் அணை திறந்து இருபது நாள்’ என்னும் வரியோ ஓவியத்தில் இல்லாத காலத்தைத் தருகிறது. கடைமடையின் துயரம் இரண்டும் சேருமிடத்தில் பிறக்கிறது. உழவரின் சினத்தையோ ஏக்கத்தையோ பேச்சுக்குமிழுக்கு விட்டுவிடலாம்.

தினத்தந்தியில் 1960 முதல் வெளிவரும் ‘கன்னித்தீவு’ போன்ற நாள்தொடரில், நேற்றைய நிகழ்வை இன்றைய கட்டத்தோடு இணைக்கும் தேவையும் உண்டு. அங்கு எடுத்துரைப்பு, தொடர்ச்சியைக் காக்கும் கண்ணியாகிறது.

அகப்பாடல்களின் கூற்றுக் குறிப்பு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. யார், யாரிடம், எச்சூழலில் பேசுகிறார் என்பதை அது சுட்டுகிறது. உணர்வைப் பாடலுக்கே விட்டுவிடுகிறது.

முடிவுரை

எடுத்துரைப்பு வரியை மறைத்த பின்னும் கதை குறைவின்றி விளங்கினால் அவ்வரி மிகை. ஓவியத்தை மறைத்த பின்னும் வரியே முழுக்கதையையும் சொல்லிவிட்டால் ஓவியம் மிகை. காலம், காரணம், தொடர்ச்சி ஆகியவற்றை வரியும், உருவையும் செயலையும் ஓவியமும் ஏற்கும்போதே குறுஞ்சித்திரக்கதை செறிவு பெறுகிறது. சித்திரக்கதைகளை மதிப்பிடும் ஆய்வாளர், எழுத்தைத் தனியே பிரித்து நோக்காமல் இவ்விரண்டின் பங்கீட்டையே அளவுகோலாகக் கொள்ளுதல் தகும்.