சைக்கிள் போன வழி யாருக்குத் தெரியணும்?

வாடகை சைக்கிள் என்றதும் எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண்களுக்கு அந்த நீள நோட்டுதான் ஞாபகம் வரும். கடைக்காரர் பெயரையும் எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்வார். மணிக் கணக்கில் காசு. எந்தத் தெருவுக்குப் போனோம் என்பது மட்டும் அதில் இருக்காது!

இன்று பெரிய நகரங்களில் செல்போனைக் காட்டினால் பூட்டு திறக்கிறது. பெங்களூரில் யூலு வண்டிகள் 2018-லும், சென்னையில் ஸ்மார்ட் பைக் சைக்கிள்கள் 2019-லும் வந்தன. வெளியூரில் படிக்கிற, வேலை பார்க்கிற நம் பெண்களும் இவற்றை எடுக்கிறார்கள். எங்கே எடுத்தோம், எங்கே விட்டோம், எந்த வழியில் போனோம் என்ற விவரமெல்லாம் கம்பெனியிடம் சேர முடியும்.

அந்தக் கணக்கை நகர நிர்வாகமும் கேட்டால் என்ன செய்வது? கேட்பதில் நியாயம் உண்டு. சைக்கிள் பாதை எங்கே போடணும், நடைபாதையை அடைத்து வண்டிகள் எங்கே நிற்கின்றன, எந்தப் பேட்டைக்கு வண்டியே வருவதில்லை என்பதெல்லாம் தெரிய வேண்டாமா?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2018-ல் இதற்கென ஒரு முறையை உண்டாக்கியது. வாடகை மின்சார ஸ்கூட்டர் கம்பெனிகள் ஒவ்வொரு சவாரியின் வழியையும் நேரத்தையும் நகரத்துக்குக் கொடுக்க வேண்டும். 2020-ல் சவாரிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். "கம்பெனிக்கு நீங்களே கொடுத்த விவரம்தானே" என்று 2022-ல் மேல் கோர்ட்டும் தள்ளிவிட்டது.

"பேரைத்தான் கேட்கவில்லையே, அப்புறம் என்ன பயம்?" என்று தோன்றும். 15 லட்சம் பேரின் செல்போன் கணக்கை ஆராய்ந்து 2013-ல் ஒரு கட்டுரை வந்தது. இடமும் நேரமுமாக நாலே நாலு குறிப்பு இருந்தால், நூற்றில் 95 பேரைத் தனியாகப் பிரித்துவிடலாமாம். தினம் காலை ஆறு மணிக்கு இந்தத் தெருவில் எடுத்து ஆஸ்பத்திரி வாசலில் விடுகிற பெண் யார் என்று தெருக்காரர்களுக்குச் சொல்லியா தரணும்?

எங்கள் மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமில்லை. 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது நான் பள்ளிக்கூடச் சிறுமி. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். பஸ்ஸுக்கும் ஆம்பளைத் துணைக்கும் காத்திராமல், "எங்கே போறே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் போன சுகம் அது. அதை ஒரு மிஷின் பறிக்கலாமா?

நகரத்துக்குத் தேவை எண்ணிக்கை. இந்த ரோட்டில் காலையில் எத்தனை வண்டி போயிற்று என்றால் பாதை போட்டுவிடலாம். ஒன்றிரண்டு சவாரி மட்டும் நடந்த இடத்தைக் கணக்கில் காட்டாமல் விடலாம். வேலை முடிந்ததும் பழைய விவரத்தை அழித்துவிடலாம். எந்த நிலையத்தில் எத்தனை சைக்கிள் காலியாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிற பொது முறை ஒன்றும் 2015 முதலே இருக்கிறது. அதில் ஓட்டுகிறவர் யார் என்ற பேச்சே கிடையாது.

பெண்ணை வெளியூர் அனுப்பும் அம்மாக்கள் சொல்லி அனுப்ப வேண்டியவை:

* இருப்பிடம் பார்க்கும் அனுமதியை 'ஆப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று வைக்கட்டும்.

* பகலில் வண்டியை ஹாஸ்டல் வாசலில் விடாமல் தெருமுனையில் விடலாம். ராத்திரியில் இது வேண்டாம், வாசல்வரை வந்துவிடட்டும்.

* ஊர் மாறும்போது கணக்கை மூடி, விவரத்தை அழிக்கச் சொல்லி எழுதிக் கேட்கட்டும். 2023-ன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இந்த உரிமையைச் சொல்கிறது. 18 வயது நிரம்பாதவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றும் சொல்கிறது.

நாளைக்கு நம் ஊருக்கும் இந்த வண்டிகள் வரலாம். வந்தால், "எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள், யார் போனார்கள் என்று கேட்காதீர்கள்" என்று கவுன்சிலரிடம் முதலிலேயே சொல்லிவைப்போம்.