நாடாவிலிருந்து கணனிக்கு

திருமணம், திருவிழா, பிள்ளைகளின் முதல் நடை ஆகியவற்றைப் பதிந்து வைத்த சிறு கசெற்றுகள் பல இல்லங்களின் அலுமாரிகளிலே இன்றும் உறங்குகின்றன. மினி டி.வி. எனப்படும் இக்கசெற்று 1995ஆம் ஆண்டிலே சந்தைக்கு வந்தது. அதனை ஓட்டவல்ல கமராக்கள் இப்பொழுது புதிதாகச் செய்யப்படுவதில்லை. நாடாவின் காந்தப் பூச்சும் காலப்போக்கில் நலிந்து வருகின்றது. ஆகவே, அப்படங்களைக் கணனிக்கு மாற்றிவிடப் பலர் முயல்கின்றனர். மாற்றிப் பார்த்தாலோ, படம் சீராக ஓடாது விட்டு விட்டுத் துள்ளுகின்றது. நாடா கெட்டுவிட்டதென எண்ணி அதனை வீசிவிடுவோரும் உளர். நாடாவில் ஒரு குறையும் இல்லாதபொழுதும் படம் இவ்வாறு துள்ளக்கூடும் என்பதை நேயர்கள் முதலில் மனங்கொள்ளல் வேண்டும்.

ஓடும் படம் என்பது உண்மையிலே வரிசையாக நிற்கும் பல நிலைப்படங்களின் தொகுதியாகும். இலங்கையிலும் ஐரோப்பாவிலும் வழங்கிய முறையிலே ஒரு செக்கனுக்கு 25 படங்கள் கண்முன் தோன்றும். அவற்றுள் இரண்டு மூன்று தவறினாலும் கை அசைவு வெட்டி வெட்டித் தோன்றும். தவறிய படங்கள் எங்கே தவறின? நாடாவிலா, கணனிக்கு வரும் வழியிலா, அல்லது கணனியில் ஓட்டிப் பார்க்கும் வேளையிலா? இந்த மூன்றில் எது என்பதைக் கண்டுகொள்வதே பரிகாரத்தின் முதற்படி.

அதனை அறிவது எளிது. நாடாவைக் கமராவில் இட்டு, அதன் சிறு திரையிலேயே ஓட்டிப் பார்த்தல் வேண்டும். அங்கேயும் படம் உடைந்து சதுரஞ் சதுரமாகத் தோன்றினால், குறை நாடாவிலோ அதனை வாசிக்கும் ‘ஹெட்’டிலோ உள்ளது. நிமிடத்துக்கு 9000 தடவை சுழலும் அந்த உறுப்பிலே சிறிது தூசு படிந்தாலும் வாசிப்புக் கெடும். அதற்கென விற்கப்படும் துப்புரவுக் கசெற்றைச் சில செக்கன்கள் மாத்திரம் ஓட்டுவது நன்று. பஞ்சினாலோ துணியினாலோ துடைக்க முற்படுவது ஆபத்தாகும். நெடுங்காலம் சுற்றியபடியே கிடந்த நாடாவை ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டு மீளச் சுற்றிக்கொள்வதும் பயன் தரும்.

கமராவின் திரையிலே படம் சீராக ஓடுகின்றதாயின் நாடா நலமே. அப்படியானால் வழியைச் சோதித்தல் வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு கோப்பைப் பிரதி செய்யும்போது கணனி தாமதித்தால் வேலை சற்றுப் பிந்துமேயன்றி எதுவும் இழக்கப்படுவதில்லை. ஓடும் நாடாவோ கணனிக்காகக் காத்து நிற்பதில்லை. செக்கனுக்கு ஏறத்தாழ 3.6 மெகாபைற் வீதம் அது இடைவிடாது அனுப்பிக்கொண்டே இருக்கும். வாங்குபவர் ஒரு கணம் அயர்ந்தால், அக்கணத்தில் வந்த படங்கள் போனவையே.

முதலாவதாகக் கவனிக்கவேண்டியது இணைப்புக் கம்பி. இவ்வகைக் கமராவின் படத்தை முழுமையாகக் கொண்டு வருவதற்கு அமைந்த வழி, செக்கனுக்கு 400 மெகாபிற் கடத்தவல்ல பயர்வயர் ஆகும். பழைய கமராக்கள் பலவற்றின் யூ.எஸ்.பி. வாயில், நிலைப்படங்களையோ தரங்குறைந்த சிறு படத்தையோ அனுப்பவே அமைக்கப்பட்டது. அதன் வழியாக வந்த படம் துள்ளுவதில் வியப்பில்லை. புதிய கணனிகளிலே பயர்வயர் வாயில் காணப்படாமையால், அது பொருத்தப்பட்ட பழைய கணனி ஒன்றைத் தேடிப் பெறுவது உசிதம்.

இரண்டாவது, கணனியின் வன்தட்டு. ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறத்தாழ 13 கிகாபைற் இடம் வேண்டும். தட்டு நிரம்பி, வெற்றிடம் அங்குமிங்கும் சிதறிக் கிடந்தால், எழுதும் முனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவவேண்டி வரும். அந்த இடைவெளியிலே படங்கள் தவறும். ஆகவே போதிய இடத்தை ஒழித்துவைத்து, வைரஸ் தேடும் செயலி உட்பட ஏனைய வேலைகளை நிறுத்தி, இணையத் தொடர்பையும் துண்டித்துவிட்டு மாற்றத் தொடங்குவது நன்று. மாற்றும் செயலிகள் பலவும் தவறிய படங்களின் எண்ணிக்கையைத் திரையிலே காட்டும். அது பூச்சியத்தில் நின்றால் வழியில் இழப்பில்லை எனத் துணியலாம்.

எண்ணிக்கை பூச்சியமாக இருந்தும் படம் துள்ளினால், குறை பார்க்கும் வேளையிலே உள்ளது. கனடாவிலே பதியப்பட்டு உறவினர் அனுப்பிய கசெற்றில் செக்கனுக்கு 29.97 படங்கள் இருக்கும். அதனைச் செயலியில் 25 என அமைத்தால், ஏறத்தாழ ஆறில் ஒரு படம் கைவிடப்படும். மேலும், ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாகப் பதியப்பட்டுள்ளது. இப்பாதிகளின் முறை மாறினால், அசையும் உருவம் முன்னும் பின்னுமாக உதறும். மினி டி.வி.யில் கீழ்ப்பாதி முந்தியது என்பதைச் செயலியில் குறித்தல் வேண்டும்.

2006ஆம் ஆண்டிலே அறிமுகமான ஏ.வி.சி.எச்.டி. கமராக்களுக்கு நாடாவே இல்லை. நினைவக அட்டையிலிருந்து கோப்பு அப்படியே பிரதி செய்யப்படுவதால் வழியில் படம் தவறுவதில்லை. மிகவும் சுருக்கி எழுதப்பட்ட படத்தை விரிக்கும் வலு பழைய கணனிக்கு இல்லாமையே அங்கு துள்ளலுக்குப் பெரும்பாலும் காரணம். வேறொரு கணனியில் ஓட்டிப் பார்த்தால் உண்மை வெளியாகும்.

மாற்றிய படத்தை முழுமையாக ஒருமுறை பார்த்து, இரு வேறு தட்டுகளிலே பிரதி வைத்த பின்னரும் மூல நாடாவை எறியாதிருப்பதே அறிவுடைமை. கணனியின் குறையை எப்பொழுதும் திருத்திக்கொள்ளலாம். மறைந்துபோன பாட்டியின் சிரிப்பு பதிந்த நாடா ஒன்றே ஒன்றுதான்.